மூன்றாவது மேசையின் எண்ணூறு மெகாஹெர்ட்ஸ்

உங்களோடு வேலை பார்த்த ஒருவரைக் ‘கை மந்தம்’ என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பியபோது, அதை எதை வைத்து நம்பினீர்கள்? ஒரு தாளில் எண் இருந்திருக்கும். அந்த எண் எதை அளந்தது என்று ஒரு முறையாவது கேட்டீர்களா?

எஸ்லின் கேட்டார். அதுவும் கொஞ்சம் தாமதமாக, முதலில் ஒரு தவறு செய்துவிட்டுத்தான் கேட்டார். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மத்தூரில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் எஸ்லின். கிருஷ்ணகிரியில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூருக்கு வந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. சிப்காட் தொழிற்சாலைகளில் ஓடும் கணினிகளைப் பராமரிக்கும் ஒரு சிறிய ஏஜென்சியில் வேலை. பாகலூர் சாலைப் பக்கம் வாடகை வீடு, ஒரு ஸ்கூட்டர். முதுகுப் பையில் ஒரு லேப்டாப், ஒரு பெயிண்ட் பிரஷ், நான்கு ஸ்குரூ டிரைவர்கள். பிரஷ் தூசி தட்டுவதற்கு.

அவருடைய லேப்டாப்பில் எப்போதும் ஒரு கறுப்புத் திரை திறந்திருக்கும். அதில் எண்கள் நொடிக்கொரு முறை மாறிக்கொண்டே இருக்கும். பிராசசர் இப்போது என்ன வேகத்தில் ஓடுகிறது, எவ்வளவு நேரம் தூங்குகிறது, எத்தனை வாட் மின்சாரம் தின்கிறது என்பதெல்லாம் அந்த வரிகளில் இருக்கும். லைனில் வேலை செய்பவர்கள் அதை ‘ஈசிஜி’ என்பார்கள்.

அந்தப் பழக்கம் ஒரு பேருந்துப் பயணத்தில் ஆரம்பித்தது. பழைய லேப்டாப் ஒன்றை வாங்கியிருந்தார். ஓசூரில் முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் சூளகிரி தாண்டுவதற்குள் பாதியாகிவிடும். பேட்டரி போய்விட்டது, மாற்று என்றார்கள் எல்லோரும். எஸ்லின் மாற்றவில்லை. எது கரண்டைத் தின்கிறது என்று பார்க்க வழி உண்டா என்று தேடிப் படித்து, ஒவ்வொரு கட்டளையாக அடித்துப் பழகினார். கடைசியில் பிடிபட்டது ஒரு கல்யாண மண்டபத்தின் விளம்பரம். பிரவுசரில் மூடாமல் விட்ட ஒரு பக்கத்தில் அந்த மண்டபத்தின் விளக்குகள் மினுங்கிக்கொண்டே இருந்தன. அந்த மினுமினுப்புக்காகப் பிராசசர் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை தூக்கத்திலிருந்து எழுந்துகொண்டிருந்தது. பக்கத்தை மூடினார். பேட்டரி கிருஷ்ணகிரி வரை தாங்கியது.

அன்றிலிருந்து யார் எதைச் சொன்னாலும் அவரிடம் ஒரே பதில்தான்: “பாத்துட்டுச் சொல்றேன்.” வீட்டு ஃபிரிட்ஜில் மீட்டர் மாட்டிப் பார்த்திருக்கிறார். ஜெபக்கூட்டத்தில் மைக் இரைந்தபோதும், பாதியில் எழுந்துபோய் ஒயரைத் தடவிப் பார்த்திருக்கிறார்.

இந்த ஜனவரியில் ஒரு புதன்கிழமை, மாதாந்திரப் பராமரிப்புக்காக வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குப் போனார். அங்கே உற்பத்தி மேலாளர் குருமூர்த்தி ஒரு தாளை நீட்டினார்.

“மூணாவது ஸ்டேஷன். ‘கம்ப்யூட்டர் ஸ்லோ’ன்னு ஆப்பரேட்டர் கம்ப்ளெயின்ட் எழுதியிருக்கு. பாத்துட்டு ஓகேன்னு ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடும்மா. ஃபைலை க்ளோஸ் பண்ணணும்.”

“பாத்துட்டுச் சொல்றேன் சார்.”

“பாக்கறதுக்கு என்ன இருக்குது? மூணு ஸ்டேஷன்லயும் அதே கம்ப்யூட்டர், அதே சாஃப்ட்வேர். ரெண்டு பேரு மணிக்கு நானூறு பீஸ் தர்றாங்க. இந்தப் பொண்ணு இருநூத்தி அம்பதத் தாண்டல. சனிக்கிழமையோட அதுக்குக் காண்ட்ராக்ட் முடியுது.”

சோதனை லைனில் நடப்பது எளிமையான வேலை. துளை போட்ட உலோகப் பாகம் ஒன்றை ஆப்பரேட்டர் கேமராவுக்குக் கீழே வைத்துப் பொத்தானை அழுத்த வேண்டும். மேசைக்கு அடியில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும் கணினி, படத்தைப் பார்த்துத் துளைகள் சரியா, விளிம்பில் பிசிறு இருக்கிறதா என்று சொல்லும். பச்சை விளக்கு எரிந்தால் எடுத்துவிட்டு அடுத்ததை வைக்கலாம். ஒவ்வொரு பச்சை விளக்குக்கும் இடையே எத்தனை நொடி என்று மட்டும் பதிவாகும். அந்தப் பதிவு ஆப்பரேட்டரின் பெயரில்தான் இருக்கும்.

மூன்றாவது மேசையில் இருந்தவர் வினிதா. இருபத்து நான்கு வயது. செப்டம்பரில் சேர்ந்தவர். அந்த மேசை முதல் ஷிஃப்ட்டில் மட்டும் ஓடுவதால் வேறு யாரும் அதில் உட்கார்வதில்லை.

“இது எப்பவும் இப்பிடித்தாங்க்கா சுத்துது,” என்றார் வினிதா. “நான் வேற ஸ்டேஷன்ல உக்காந்ததே இல்ல. எல்லாத்துலயும் இப்பிடித்தானோ, நாந்தான் மெதுவோன்னு நெனச்சிட்டிருந்தேன். சனிக்கெழமைக்குள்ள நானூறு வரலன்னா வேணாம்னுட்டாங்க.”

எஸ்லின் குனிந்து இரும்புப் பெட்டியைப் பார்த்தார். காற்று போகிற சல்லடைத் துளைகளின் மேல் ஒரு சாமி படம் ஒட்டியிருந்தது. ஆயுத பூஜைக்கு ஒட்டியது. அதன் மேல் சந்தனம், குங்குமம். பக்கத்தில் காய்ந்த சாமந்தி மாலை. படத்துக்குக் கீழே ‘வினிதா’ என்று ஸ்டிக்கர். அந்த லைனில் ஒரு வழக்கம் இருந்தது. பூஜையன்று எந்த மேசைக்கு யார் கற்பூரம் காட்டுகிறாரோ, அந்த மேசை அடுத்த பூஜை வரை அவருடையது. கை மாறினால் ராசி போய்விடும் என்பார்கள். மேற்பார்வையாளர்களும் அதை மீறுவதில்லை.

எஸ்லினுக்குச் சட்டென்று எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருந்தது. காற்று அடைத்தால் சூடேறும், சூடேறினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேட்ட எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மூடநம்பிக்கை ஒரு பெண்ணின் வேலையைத் தின்கிறது என்று அப்போதே கட்டுரை எழுதியிருப்பேன்.

எஸ்லின் படத்தைப் பிய்த்தார்.

“எதுக்குங்க்கா அத எடுக்கறீங்க?” வினிதாவின் குரல் மாறியது.

“காத்து போகலம்மா. இதனாலதான் ஸ்லோ.”

வினிதா கிழிந்த படத்தை வாங்கி, நெற்றியில் ஒற்றிப் பையில் வைத்துக்கொண்டார். எஸ்லின் மாலையை எடுத்தார். பிரஷ்ஷால் தூசி தட்டினார். வினிதா பாகத்தை வைத்துப் பொத்தானை அழுத்தினார். திரையில் வட்டம் சுற்றியது. ஏழு, எட்டு, ஒன்பது நொடி. அதற்குப் பிறகுதான் பச்சை.

எலக்ட்ரீஷியன் திம்மராயன் ஏணியைத் தோளில் வைத்தபடி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தெலுங்கு வீட்டில், கன்னடம் கடையில், தமிழ் கம்பெனியில் என்று மூன்றையும் கலந்து பேசுகிறவர்.

“ஏனம்மா எஸ்லினு, ஆயித்தா? சாமிய எறக்கிட்ட, ஸ்பீடு ஏறுச்சா?”

“இல்லைண்ணா.”

“நம்ம சாமி மேல எதுக்கும்மா கோவம்? ஈசிஜி எடுத்துப் பாத்தியா?”

எடுக்கவில்லை. பதினோரு ஆண்டுகளில் முதல் முறையாகப் பார்க்காமல் சொல்லியிருந்தார் எஸ்லின். திம்மராயன் கேலியாகத்தான் கேட்டார். ஆனால் கேட்டது சரியான கேள்வி. நமக்குப் பிடிக்காத ஒன்று பக்கத்தில் இருந்ததால் அதன் மேல் பழியைப் போடுவதற்குப் பெயர் பகுத்தறிவு அல்ல. குருமூர்த்தி வினிதாவின் மேல் போட்டதும் அதே மாதிரியான பழிதான்.

லேப்டாப்பை இணைத்து, டர்போஸ்டாட் என்ற கட்டளையை ஓடவிட்டார் எஸ்லின். எண்கள் வந்தன. முதலில் வெப்பநிலை: ஐம்பத்திரண்டு டிகிரி. அது சூடே இல்லை. படம் ஒட்டியிருந்தபோதும் இரண்டு மூன்று டிகிரிதான் கூடுதலாக இருந்திருக்கும்.

“வினிதா,” என்றார் எஸ்லின், “நான் தப்பாச் சொல்லிட்டேன். படத்தால இல்ல. மன்னிச்சிரும்மா. வேற படம் வாங்கியாந்து தர்றேன்.”

“இருக்கட்டுங்க்கா. அப்ப எதனால?”

“இனிமேதான் பாக்கணும்.”

அடுத்த எண் வேகம். வினிதா பொத்தானை அழுத்தியதும் பிராசசர் விழித்து முழுமூச்சாக வேலை செய்தது. ஆனால் எண்ணூறு மெகாஹெர்ட்ஸில். அந்தப் பிராசசர் மூவாயிரத்து நானூறு வரை போகக்கூடியது. ஒன்பது நொடியும் எண்ணூறிலேயே நின்றது. ஒரு முறைகூட அதைத் தாண்டவில்லை. தின்ற மின்சாரம் ஆறு வாட். ஐந்து கியர் உள்ள லாரியை முதல் கியரிலேயே கிருஷ்ணகிரி வரை ஓட்டச் சொன்ன மாதிரி.

பக்கத்தில் இரண்டாவது மேசைக்குப் போனார். அங்கே கமலக்கண்ணன், லைனிலேயே வேகமானவர் என்று பெயர் வாங்கியவர். அவருடைய கணினி பொத்தான் அழுத்தியதும் மூவாயிரத்து நானூறுக்குத் தாவியது, இருபத்திரண்டு வாட் தின்றது, இரண்டே நொடியில் பச்சை காட்டிவிட்டுத் தூங்கப் போனது.

தூக்கம் என்று சும்மா சொல்லவில்லை. வேலை இல்லாத நேரத்தில் பிராசசர் உண்மையிலேயே தன் பாகங்களை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு தூங்குகிறது. லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம் என்று படிகள் உண்டு. நூற்றில் எத்தனை பங்கு நேரம் எந்தப் படியில் இருந்தது என்பதையும் அந்தக் கட்டளை காட்டும். அந்த வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்த எஸ்லின், ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டார்.

இந்த மேசையில் கணினி தூங்குவது எப்போது? ஆப்பரேட்டர் பாகத்தை எடுத்து, அடுத்ததை வைத்து, பொத்தானை அழுத்தும் வரை. அப்படியென்றால் கணினியின் தூக்கம் என்பது கையின் நேரம். கமலக்கண்ணன் மேசையில் ஒரு பாகத்துக்கு ஒன்பது நொடி. அதில் கணினி தூங்கியது ஏழு நொடி. வினிதா மேசையில் ஒரு பாகத்துக்குப் பதினான்கு நொடி. கணினி தூங்கியது ஐந்தே நொடி.

லைனிலேயே வேகமான கை வினிதாவுடையது. கணினி அவருக்காகக் காத்திருந்த நேரத்தைவிட, அவர் கணினிக்காகக் காத்திருந்த நேரம்தான் அதிகம். அத்தனையும் அவர் பெயரில் மந்தம் என்று பதிவாகிக்கொண்டிருந்தது.

எண்ணூறில் யார் பூட்டினார்கள் என்று தேட அதிக நேரம் ஆகவில்லை. கணினி துவங்கும்போதெல்லாம் தானாக ஓடும் ஒரு சிறிய கோப்பு இருந்தது. ‘அதிகபட்ச வேகம் எண்ணூறு’ என்று அதில் ஒரே வரி. தேதி ஜூன் பதினொன்று. அந்த மாதம் தொழிற்சாலையில் மின் சிக்கனப் போட்டி நடந்தது. அலுவலகக் கணினிகள் எல்லாவற்றையும் மெதுவாக ஓடும்படி கட்டிப்போட்டார்கள். மூன்றாவது மேசையின் பழைய கணினி ஏப்ரலில் எரிந்துபோனதால், ஸ்டோர் அலுவலகத்தில் இருந்த ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். பெயரை மாற்றவில்லை. பட்டியலில் அது இன்னும் அலுவலகக் கணினியாகவே இருந்தது. போட்டியில் உற்பத்திப் பிரிவுக்குத்தான் முதல் பரிசு. கண்ணாடிக் கேடயம் குருமூர்த்தியின் மேசை மேல் இருந்தது.

எஸ்லின் தாளின் மூலையில் இன்னொரு கணக்கும் போட்டார். இருபத்திரண்டு வாட்டில் இரண்டு நொடி என்றால் ஒரு பாகத்துக்கு நாற்பத்து நான்கு ஜூல். ஆறு வாட்டில் ஒன்பது நொடி என்றால் ஐம்பத்து நான்கு. சிக்கனம் என்று சொன்ன இடத்தில் செலவு கூடியிருந்தது. கேமராவும் விளக்கும் கூடுதலாக எரிந்தது தனி.

பூட்டை அவர் அவிழ்க்கவில்லை. நேராகக் குருமூர்த்தியிடம் போனார்.

“ஹீட்டா? ஃபேன் மாத்தணுமா?”

“ஹீட் இல்லைங்க சார். நாமளே வேகத்தைப் பூட்டி வச்சிருக்கறோம். ஜூன்ல இருந்து.”

தாளை வாசித்தார் குருமூர்த்தி. மோசமான மனிதர் அல்ல. ஆயுத பூஜைக்குக் காண்ட்ராக்ட் ஆட்களுக்கும் ஒரே மாதிரி இனிப்புப் பெட்டி வேண்டும் என்று சண்டை போட்டவர். ஆனால் அவருடைய பார்வை ஒரு நொடி கேடயத்துக்குப் போய்த் திரும்பியது.

“யாருக்கெல்லாம் காட்டுன?”

“உங்களுக்குத்தான் சார்.”

“செட்டிங்கை மாத்திடு. ரிப்போர்ட்ல ‘டஸ்ட் க்ளீனிங், ஓகே’ன்னு போட்டுடு. திங்கட்கிழமைல இருந்து வர்ற புது ஆளு நல்லாப் பண்ணும்.”

“வினிதா சார்?”

“அதுக்கு லிஸ்ட் போயிடுச்சும்மா.”

எஸ்லின் வெளி ஏஜென்சி ஆள். குருமூர்த்தி ஒரு போன் செய்தால் அந்தத் தொழிற்சாலையின் கேட் பாஸ் அவருக்குக் கிடையாது.

“டஸ்ட்னு என்னால எழுத முடியாதுங்க சார். டஸ்ட் இல்ல. பத்து நிமிஷம் லைனுக்கு வாங்க. ஆளை மாத்தி உக்கார வச்சுப் பாத்துருவோம். நான் சொல்றது தப்புன்னா நீங்க சொன்னபடியே கையெழுத்துப் போடறேன்.”

குருமூர்த்தி வந்தார். வராமல் இருந்திருக்கலாம். வந்தார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

கமலக்கண்ணன் எழ மறுத்தார். “சார், பூஜை போட்ட ஸ்டேஷனு. கை மாறக் கூடாது. என் நம்பர் இறங்குச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

வினிதாதான் அதற்குப் பதில் சொன்னார். “என் சாமிய காலைலயே பிச்சு எடுத்துட்டாங்கண்ணா. அது ஒண்ணும் கோவிச்சுக்கல. எந்திரிங்க, ரெண்டு நிமிசந்தான்.”

திம்மராயன் சிரித்தார். “எழுந்திரப்பா, சொல்ப ஜரகு, கொஞ்சம் நகரு. சிம்மாசனமா அது?”

கமலக்கண்ணன் மூன்றாவது மேசைக்குப் போனார். பாகத்தை வைத்துப் பொத்தானை அழுத்தினார். வட்டம் சுற்றியது. திரையைத் தட்டினார். மறுபடி அழுத்தினார். பத்துப் பாகம் முடிந்தபோது சராசரி பதினாறு நொடி. இரண்டாவது மேசையில் வினிதாவுக்கு முதலில் பழக்கமே வரவில்லை. பச்சை விளக்கு உடனே எரிந்ததும் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைத்துக் கையைப் பின்னுக்கு இழுத்தார். மூன்றாவது பாகத்தில் பிடிபட்டது. சராசரி ஏழு நொடி.

“இதுல உக்காந்தா எனக்கே வயசாயிடும் சார்,” என்றார் கமலக்கண்ணன். “இந்தப் பொண்ணு எப்பிடி அஞ்சு மாசம் இருந்துச்சு?”

குருமூர்த்தி கடிகாரத்தைப் பார்த்தார், எஸ்லினைப் பார்த்தார். “பூட்டை எடும்மா,” என்றார். “லிஸ்ட்ட நான் பாத்துக்கறேன்.” பார்த்துக்கொண்டார். சனிக்கிழமை வினிதாவின் காண்ட்ராக்ட் இன்னொரு ஆறு மாதத்துக்கு நீண்டது.

இங்கேயே முடித்துக்கொள்ள நிறையப் பேருக்கு ஆசை இருந்தது. ஆனால் அறிக்கையை எழுத உட்கார்ந்த எஸ்லின், ஜூன் பதினொன்று என்ற தேதியை எழுதியதும் நிறுத்தினார். வினிதா சேர்ந்தது செப்டம்பரில். நடுவில் அந்த மேசையில் யார் இருந்தார்?

“சாந்தம்மா,” என்றார் திம்மராயன். “சிங்காரப்பேட்டைக்காரம்மா. நாலு வருசம் அங்கதான் உக்காந்திருந்துச்சு. ஆகஸ்ட்டுல அனுப்பிட்டாங்க. ‘வயசாயிடுச்சு, கண்ணு தெரியல’ன்னு.”

குருமூர்த்தியிடம் கேட்டபோது, “அது முடிஞ்சு போன விஷயம்மா,” என்றார்.

எஸ்லின் அறிக்கையில் எதையும் விடவில்லை. ஜூன் பதினொன்றிலிருந்து அந்த மேசையில் பதிவான வேகம் ஆப்பரேட்டரின் வேகம் அல்ல என்று எழுதி, எண்களைக் கீழே வரிசையாகப் போட்டுக் கையெழுத்திட்டார். ஒன்றைத் தொழிற்சாலையில் கொடுத்துப் பெற்றதற்குச் சீல் வாங்கினார். இன்னொரு பிரதியை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிங்காரப்பேட்டைக்குப் பேருந்து ஏறினார்.

சாந்தம்மாவுக்கு நாற்பத்தாறு வயது. தக்காளித் தோட்டத்தில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். மூக்கில் புதிதாக ஒரு கண்ணாடி. ஓசூரிலிருந்து திரும்பியதும் முதல் வேலையாகக் கண் டாக்டரிடம் போயிருக்கிறார். பெரிய குறை ஒன்றும் இல்லை என்றிருக்கிறார் டாக்டர். ஆனாலும் கெஞ்சி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டார்.

எஸ்லின் தாளைக் காட்டி மெதுவாக விளக்கினார். சாந்தம்மா குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அப்ப என் கையி மெதுவு இல்லையா?” என்றார் கடைசியில்.

“இல்லைங்க்கா. மெசினு.”

“நான் சொன்னேன், கண்ணு. சித்திரைல நல்லாத்தான் ஓடுச்சு, இப்ப என்னமோ சுத்துதுன்னு சூப்பர்வைசருகிட்டச் சொன்னேன். ‘உனக்குத்தான் தலை சுத்துது’ன்னாரு. எல்லாம் சிரிச்சாங்க. நானுஞ் சிரிச்சேன்.” கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தார். “அப்புறம் நானே நம்பிட்டேன். வீட்டுலகூட அப்பிடித்தான் சொல்லி வச்சிருக்கறேன், எனக்குக் கை விழுந்துபோச்சின்னு. தக்காளி பறிக்கையில பக்கத்தாளு முந்துனாலும், ஆமா நம்ம கைதான் மெதுவுன்னு தோணும்.”

பிறகு, “இத எனக்குக் குடுத்துட்டுப் போறியா?” என்று கேட்டார்.

“உங்களுக்குத்தான் கொண்டாந்தேன்.”

அந்தத் தாளோடு சாந்தம்மா தொழிற்சாலைக்கு ஒரு மனு எழுதியிருக்கிறார். வேலையைத் திருப்பிக் கேட்டும், ‘திறமைக் குறைவு’ என்று தன் பெயருக்கு எதிரே எழுதியதை அடிக்கச் சொல்லியும். நான் இதை எழுதும்வரை பதில் வரவில்லை. எஸ்லினின் கேட் பாஸை இந்த மாதம் புதுப்பிக்கவில்லை. ‘நிர்வாகக் காரணம்’ என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் வேறு தொழிற்சாலைகளுக்குப் போய்வருகிறார். அங்கெல்லாம் துவங்கும்போது ஓடும் கோப்புகளை முதலில் பார்க்கிறார்.

உங்கள் லைனிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் மந்தம் என்று எழுதி அனுப்பப்பட்ட ஒருவர் இருப்பார். அவர் கடைசியாக எந்த மேசையில் இருந்தார் என்று விசாரியுங்கள். அங்கே வேறொருவரை உட்கார வைத்துப் பத்து முறை நேரம் பாருங்கள். குறை மேசையில் இருந்தால் அதை ஒரு தாளில் எழுதுங்கள், தேதி போடுங்கள், உங்கள் பெயரைப் போட்டுக் கையெழுத்திடுங்கள். அவர் எந்த ஊருக்குப் போயிருந்தாலும் பேருந்து ஏறிப் போய் அதை அவர் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.